ப்ராங்ஹார்ன் மானுக்கு முதுகில் முடி இல்லை. நோயா?

டென்வர்வாசி:
போன வாரம் அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் பைன்டேல் பக்கம் போனோம். சாலையோரம் ப்ராங்ஹார்ன் கூட்டம். பலவற்றுக்கு விலாவில் முடி கொத்துக் கொத்தாகத் தொங்குகிறது. ஒரு பெட்டைக்கு மட்டும் பிடரியிலிருந்து நடுமுதுகு வரை வெறும் தோல். சொறியா, உண்ணியா? யாரிடமாவது சொல்ல வேண்டுமா?

மேய்ச்சல்நிலம்:
நீங்கள் பார்த்தது இரண்டு வேறு சங்கதி.

விலாவில் தொங்குவது குளிர்கால முடி. மே மாதத்தில் எல்லாமே இப்படிக் கந்தலாகத்தான் திரியும். அந்த முடி தடிமனானது, உள்ளே காற்று நிறைந்தது. குளிருக்கு அருமை, ஆனால் விரலால் மடித்தால் ஒடியும், லேசாக இழுத்தாலே கையோடு வந்துவிடும். கோடையில் பாருங்கள், ஆளே மாறியிருக்கும்.

அந்தப் பெட்டை விஷயம் வேறு. முதுகுத்தண்டு மேலேயே நீளவாக்கில் முடி போயிருந்தால், பெரும்பாலும் அது முள்கம்பி வேலியால் வந்தது. ப்ராங்ஹார்ன் வேலியைத் தாண்டாது, அடியில் நுழையும். இங்கே வேலிக்கம்பி மாற்றும் தன்னார்வலர்களோடு நானும் போவதுண்டு. எது மான் நுழையும் இடம் என்று தேடவே வேண்டாம். கீழ்க்கம்பியின் முள் ஒவ்வொன்றிலும் பழுப்பும் வெள்ளையுமாக முடி சிக்கியிருக்கும், அடியில் மண் தேய்ந்து குழியாகக் கிடக்கும். டீடன் மலையடியிலிருந்து கிரீன் ரிவர் பள்ளத்தாக்குக்கு வலசை வரும் கூட்டத்துக்கு ஒரு வழிக்கே 150 கி.மீ.க்கு மேல். வழியெல்லாம் பண்ணை வேலி. பனி குவிந்துவிட்டால் இடைவெளி இன்னும் குறையும், உரசல் கூடும். முடி போன இடத்தில் கீறலும் விழுந்து, அதே தோலோடு பூஜ்யத்துக்குக் கீழே உள்ள குளிரையும் தாங்க வேண்டும். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்: அந்தக் கீழ்க்கம்பியில் முள்ளே தேவையில்லை.

கோவை குமார்:
தாண்டிக் குதித்தால் என்ன? அதே ஊரில் மியூல் டியர் என்ற இன்னொரு மான் அனாயாசமாகத் தாண்டுகிறதே!

மேய்ச்சல்நிலம்:
குமார், காலில் பலம் இல்லாமல் இல்லை. மணிக்கு 80 கி.மீ.க்கு மேல் ஓடுகிற உடம்பு அது. அபூர்வமாக ஒன்றிரண்டு தாண்டவும் செய்யும். ஆனால் மரமும் புதரும் குறுக்கிடாத சமவெளியில் ஓடியே பிழைத்த இனம், குதிக்க வேண்டிய தேவையே வரவில்லை. ஜோசப் கிளிடன் என்ற அமெரிக்க விவசாயி முள்கம்பிக்குக் காப்புரிமை வாங்கியதே 1874இல்தான். குதிக்கும் பழக்கம் வர இந்தக் காலம் போதாது.

டென்வர்வாசி:
சரி, அப்புறம் இதற்கு என்னதான் வழி? வேலியையே எடுத்துவிட முடியாதே?

மேய்ச்சல்நிலம்:
எடுக்க வேண்டாம். கீழ்க்கம்பியை முள்ளில்லாத கம்பியாக்கி, தரையிலிருந்து 18 அங்குலம் உயர்த்தினால் போதும். மாடு வெளியே போகாது, மான் உரசாமல் நுழையும். கனடாவின் அல்பர்ட்டாவிலும் இங்கே மொன்டானாவிலும் கேமரா வைத்தே சோதித்தார்கள். கீழ்க்கம்பியை அதற்கு அடுத்த மேல்கம்பியோடு கொக்கி போட்டுத் தூக்கிக் கட்டியதும் பலித்தது. கம்பிக்கு வெள்ளை பிவிசி குழாய் மாட்டியது எடுபடவில்லை, மான்கள் அந்தப் பக்கம் போகத் தயங்கின. ஆட்டுப் பண்ணைகளின் வலைக்கம்பி வேலி இன்னும் மோசம். அதில் முடி சிக்காது, நுழையவே முடியாதே!

நீங்கள் பார்த்த பெட்டைக்காக யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. நடமாட்டம் சரியாக இருந்தால் முடி திரும்ப வளரும். வேலியில் மாட்டித் துடிக்கிற மானைப் பார்த்தால் மட்டும் மாநில வனவிலங்குத் துறைக்கு உடனே போன் போடுங்கள். நீங்களே விடுவிக்கப் போகாதீர்கள், உதை பலமாக விழும்.