ஏற்காட்டு யூடியூப் வ்லாக் குடும்பம்: அந்த அச்சு முறுக்கு வீட்டில் சுட்டதா, கடைச் சரக்கா?

கேள்வி:
கிறிஸ்துமஸ் வீடியோவில் அக்கா ஊற்றின முதல் நாலு முறுக்கு அச்சை விட்டே வரலை. அடுத்த காட்சியில தட்டு நிறைய அழகா அடுக்கியிருக்கு. நடுவுல என்ன நடந்துச்சு?

அடுப்படி வாசி:
கடைச் சரக்குன்னு முடிவு கட்டாதீங்க. புது அச்சு அப்படித்தான் படுத்தும். ராத்திரி முழுக்க கழுநீர்ல ஊறவச்சு, துடைச்சு, எண்ணெயில நல்லா காய விட்டா நாலஞ்சு முறுக்குக்குப் பிறகு தானா விடும். அவங்க அச்சை மாவுல முழுசா முக்கினாங்க, அதான் தப்பு. முக்கால்வாசிதான் முங்கணும், மேல் விளிம்பை மாவு மூடினா கழலாது. அச்சு சூடு போதலைன்னா மாவு ஒட்டாம எண்ணெய்க்குள்ள வழியும்.
அளவு: பச்சரிசி மாவு 2 கப், மைதா அரை கப், பொடிச்ச சர்க்கரை முக்கால் கப், முட்டை 1, கெட்டித் தேங்காய்ப்பால் ஒன்றரை கப், கொஞ்சம் எள்ளு. சர்க்கரை கூடினா சிவந்துடும், மொறுமொறுப்பும் வராது.

மலைக்காரர்:
அதே வீடியோவில வர்ற கலகலாவை (மைதா இனிப்புப் பலகாரம்) பத்தி யாரும் பேசலையே! சோடா உப்பு தாராளமா விழுந்திருக்கு, அதான் எண்ணெய் குடிச்சு உதிருது. அரை கிலோ மைதாவுக்கு ஒரு சிட்டிகை போதும்.

சீரகச் சம்பா:
வீடியோவில பிரியாணி மட்டன் வேகலைன்னு மாமியாரைக் கிண்டல் பண்றவங்களுக்கு: ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். தண்ணி 95 டிகிரியிலேயே கொதிச்சுடும். கறியைக் குக்கர்ல முக்கால் பதம் வேகவச்சுட்டுதான் தம் போடணும்.

மலைக்காரர்:
டிசம்பர் பனிக்குத் திறந்த தட்டுல வச்சா முறுக்கு நமுத்துடும். ஆறினதும் டின்ல போட்டு மூடுங்க.