உதவி பெறும் கல்லூரி மாணவர்கள் பன்னாட்டு ஆய்வில் பங்கேற்க வழி உண்டா?

பொருநைக்கரை:
வணக்கம். திருநெல்வேலிப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இயற்பியல் கற்பிக்கிறேன். 2025 ஜனவரி முதல் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை அரசு நடத்தும் கல்வி நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. எங்கள் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லை. எங்கள் முதுகலை மாணவர்கள் வெளிநாட்டுக் குழுக்களோடு சேர்ந்து உருப்படியாக ஏதேனும் செய்ய முடியுமா, அல்லது இணையவழிக் கருத்தரங்கில் உட்கார்ந்து சான்றிதழ் வாங்குவதோடு சரியா?

விண்மீன்நேயன்:
இயற்பியல் என்பதால் உங்களுக்குத் தடை குறைவு. 1991 முதல் இயங்கும் ஆர்க்சைவ் இணையதளத்தில் ஆய்வுக் கட்டுரைகளின் முன்வரைவுகளைச் சந்தா இல்லாமலே படிக்கலாம். அதைவிட முக்கியமானது தரவு. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லிகோ ஆய்வகம் பதிவுசெய்த ஈர்ப்பலையின் (கருந்துளைகள் இணைந்தபோது வெளியில் எழுந்த அதிர்வு) மூலத்தரவு பொதுவில் கிடைக்கிறது. அதில் 32 நொடித் துண்டைப் பதிவிறக்கி வரைந்தால் முதலில் வெறும் இரைச்சல்தான் தெரியும். பைத்தான் நிரல்மொழியில் 35 முதல் 350 ஹெர்ட்ஸ் வரை வடிகட்டி, இரைச்சலைச் சமன்செய்த பிறகு, அதிர்வெண் ஏறிக்கொண்டே போகும் அந்தச் சிறு அலை எழுந்து வரும். லிகோவின் இரு உணர்கருவிகளில், லிவிங்ஸ்டனில் பதிவான அலை ஏறத்தாழ 7 மில்லிநொடி கழித்து ஹான்ஃபோர்டில் பதிவானதையும் மாணவர்களே அளந்துவிடலாம்.

இளவேனில்:
மேலே சொன்னது நல்ல பயிற்சி. ஆனால் தரவு கிடைப்பதும் கூட்டாய்வும் ஒன்றல்ல. பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பொதுத்தரவை மட்டும் கொண்டு, லிகோ பட்டியலில் இல்லாத கருந்துளை இணைவுகளை 2019இல் அறிவித்தார்கள் என்றால், அவர்களிடம் கணினி வசதியும், வரைவைப் படித்துக் கேள்வி கேட்கும் மூத்தவர்களும் இருந்தார்கள். நம் கல்லூரிகளில் இல்லாதது அந்த இரண்டாவது வசதிதான், அதை எந்தச் சந்தாவும் வாங்கித் தராது. எனவே ஈர்ப்பலைத் தரவை அலசும் பைசிபிசி போன்ற திறமூல மென்பொருளில் தொடங்கச் சொல்லுங்கள். நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு மாணவர் அதன் நிரலுக்குச் சிறு திருத்தம் அனுப்பினாலும், அதைப் பராமரிக்கும் ஆய்வாளர்கள் படித்துப் பார்த்துத்தான் ஏற்பார்கள். அவர்கள் பார்ப்பது நிரலைத்தானே தவிர, கல்லூரியின் பெயரை அல்ல.

பொருநைக்கரை:
இருவருக்கும் நன்றி. அடுத்த பருவத்தின் திட்டப்பணியை 32 நொடித் தரவிலிருந்தே தொடங்குகிறோம். இளவேனில் அவர்களே, முதல் திருத்தத்தை அனுப்புமுன் மாணவர்களின் நிரலை ஒருமுறை நீங்கள் பார்த்துத் தர இயலுமா?