மாட்டின் கண் கட்டி: பேராதனைக்கு மாதிரி கொண்டுபோக யாராவது உதவுவீர்களா?

எல்லாருக்கும் வணக்கம். தம்பலகாமத்தில் என் பெரியம்மாவின் பசுவுக்கு இடது கண்ணின் உள்மூலையில், மூன்றாம் இமை என்கிற மெல்லிய மடிப்பில், ஒரு கட்டி. முதலில் சின்னதாக, இளஞ்சிவப்பாக இருந்தது. இப்போது பூக்கோவா மாதிரிப் பிரிந்து நிற்கிறது, தொட்டாலே இரத்தம் கசிகிறது. ஈ மொய்க்காமல் பெரியம்மா பகல் முழுக்கத் துணியோடு பக்கத்திலேயே இருக்கிறா.

பசுவுக்கு வெள்ளை முகம், இமையிலும் நிறமில்லை. இப்படியான மாடுகளுக்குக் கடும் வெயிலால் இந்த இடத்தில் செதில் கலப் புற்றுநோய் (மேற்பரப்புக் கலங்களில் தொடங்குவது) வருவதுண்டு. ஆனால் கண்ணால் பார்த்து மட்டும் முடிவு சொல்ல ஏலாது. அடுத்த கிழமை மிருக வைத்தியர் வெட்டி எடுக்கிறார். அந்தத் துண்டைப் பேராதனை மிருக வைத்திய பீடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அந்தக் கிழமையில் திருகோணமலையிலிருந்து கண்டிப் பக்கம் போகிறவர்கள் இருக்கிறீர்களா? ஐஸ் பெட்டி தேவையில்லை. உறைந்தால் கலங்கள் சிதைந்துவிடும், பிறகு நுணுக்குக்காட்டியில் ஒன்றும் விளங்காது. பத்து வீத ஃபோர்மலினில் (தசை அழுகாமல் காக்கும் திரவம்), துண்டைப்போல் பத்து மடங்கு திரவம் விட்டு, ஒழுகாமல் மூடித் தருவோம்.

அப்புறம், கலந்த ஃபோர்மலின் டவுனில் எங்கே வாங்கலாம்? வாய் அகன்ற போத்தலும் வேண்டும். ஊறிய தசை இறுகிவிடும், ஒடுங்கிய வாயால் வெளியே எடுக்க முடியாது.

கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மாடு வளர்ப்பவர்களே, உங்கள் மாட்டுக்கு இப்படி வெட்டியபின் கட்டி திரும்ப வந்ததா? பெரியம்மா தினமும் கேட்கிறா. தெரிந்ததை இங்கேயே எழுதுங்கள். பயணச் செலவு நாங்கள் தருகிறோம்.