குழுப் போட்டி நடத்தியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. ஒரு விளையாட்டு மாநாட்டில் டேபிள்டாப் (மேசைமேல் ஆடும் விளையாட்டு) குழுப் போட்டியை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. 16 குழுக்கள், குழுவுக்கு 3 பேர், மேசைக்கு இருவர் மோதுவார்கள், அதாவது சுற்றுக்கு 24 மேசைகள். சுவிஸ் முறையில், அதாவது ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ சம புள்ளியில் உள்ள குழுக்கள் மோதும்படி, 4 சுற்றுகள். தோற்றவர்களும் கடைசிவரை ஆடலாம், அதுதான் எனக்கு முக்கியம்.

சிக்கல், யார் யாரோடு மோதுவது என்பதில். இரு குழுத் தலைவர்களும் தங்கள் அணியில் ஒருவரை மறைவாக முன்நிறுத்த வேண்டும். பிறகு எதிரணியின் மற்ற இருவரில் ஒருவரை, தாங்கள் முன்நிறுத்தியவரோடு மோதத் தேர்ந்தெடுக்க வேண்டும். மிஞ்சிய இருவரும் மோதுவார்கள். அருமையான முறை, ஆனால் புதியவர்கள் தடுமாறுவார்கள். இதற்கு எத்தனை நிமிடம் ஒதுக்குவீர்கள்?

அப்புறம், சமநிலை வந்தால் தனிநபர் புள்ளிகளைக் கூட்டிப் பார்க்கலாமா? எத்தனை நடுவர்கள் தேவைப்படுவார்கள்? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.