மறுமொழி: உடற்குளிர்வா, உடற்குளிர்விப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

உடற்சூடு இயல்பைவிடக் குறைந்துபோகும் ஹைப்போதெர்மியாவுக்குத் 'தாழ்வெப்பநிலை' என்று பெயர் வைத்து, மருத்துவமாகச் செய்யும்போது 'சிகிச்சைசார்' என்று முன்னால் சேர்க்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. பனியில் சிக்கியவரின் உடல் சூட்டை இழப்பது விபத்து. நின்றுபோன இதயத்தை மீண்டும் துடிக்கவைத்த பின், மயக்கம் தெளியாத நோயாளியின் உடற்சூட்டை மருத்துவர் அளந்து குறைப்பது முற்றிலும் வேறு செயல். ஆங்கிலம் இரண்டையும் ஒரே பெயரில் அடைத்துவிட்டு, அடைமொழியால் பிரிக்கிறது. தமிழுக்கு அந்தச் சுற்றுவழி எதற்கு? தன்வினைக்கும் பிறவினைக்கும் நம்மிடம் தனித்தனி வடிவங்கள் இருக்கின்றன. தானாக நேர்வது உடற்குளிர்வு, செய்யப்படுவது உடற்குளிர்விப்பு. 'வி' என்ற ஒற்றை விகுதி போதும்.

இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 'உடல் குளிர்ந்துவிட்டது', 'சில்லிட்டுவிட்டது' என்றால் தமிழில் உயிர் போய்விட்டது என்றே பொருள். தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நிற்கும் உறவினரிடம் அந்தச் சொல்லைச் சொல்லக் கூடாது. 'குளிர்வித்திருக்கிறோம்' என்றால், செய்பவர் ஒருவர் இருக்கிறார், நோக்கம் ஒன்று இருக்கிறது என்பது உடனே விளங்கும்.

'குளிர்ச் சிகிச்சை' என்ற மாற்று, மருக்களை உறையவைத்து நீக்கும் முறையோடு குழம்பும்.

ஆனால் ஒரு சொல்லோடு வேலை முடியாது. 2002-இல் வெளிவந்த இரண்டு ஆய்வுகளுக்குப் பின் 32 முதல் 34 பாகை செல்சியஸ் வரை குளிர்விப்பது பரவியது. 2013-இல் 33 பாகையையும் 36 பாகையையும் ஒப்பிட்டார்கள், வேறுபாடு தெரியவில்லை. 2021-இல் 33 பாகைக்குக் குளிர்வித்தவர்களுக்கும், காய்ச்சல் வராமல் மட்டும் பார்த்துக்கொண்டவர்களுக்கும் இடையே ஆறு மாத இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. இன்று கவனம் குளிரைவிட்டு வெப்பநிலையைச் சீராக வைப்பதற்கு நகர்ந்திருக்கிறது. அதற்கு 'உடல்வெப்பப் பேணல்' என்பேன். 'கட்டுப்பாடு' இயந்திரத்துக்குப் பொருந்தும். பேணுதலில் கண்காணிப்பும் பரிவும் சேர்ந்தே இருக்கின்றன. குளிர்வித்தவரை மணிக்குக் கால் பாகை, அரைப் பாகை என்று மெல்லத் திரும்பக் கொண்டுவருவதற்கு 'சூடேற்றம்' முரட்டுச் சொல். 'மீள்வெதுப்பு' என்று வைக்கலாம்.

'கார்டியாக் அரெஸ்ட்', அதாவது இதயத்துடிப்பு நின்றுபோவதற்கு வழங்கும் 'இதயநிறுத்தம்' என்ற சொல்லையும் இதே உரைகல்லில் உரசிப் பார்க்க வேண்டும். நிறுத்தம் பிறவினை. அறுவை சிகிச்சையில் பொட்டாசியம் கலந்த கரைசலைச் செலுத்தி மருத்துவரே இதயத்தை நிறுத்துகிறாரே, அதுதான் இதயநிறுத்தம். அதே நோயாளிக்கு மறுநாள் படுக்கையில் துடிப்பு தானாக நின்றால் அது இதயநிற்பு. இதய அறுவைப் பிரிவின் குறிப்பேட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில் வரக்கூடியவை. ஒரே சொல்லை இரண்டுக்கும் எழுதினால் படிப்பவர் தவறிவிடுவார்.

'இதயநிற்பு' காதுக்குப் புதிதுதான். இதைவிட நல்ல தன்வினைச் சொல் இருந்தால் மகிழ்ச்சியோடு ஏற்பேன். 'மாரடைப்பு' மட்டும் வேண்டாம். அது இரத்தக்குழாய் அடைபடுவது.