சூத்திரங்களை ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற: நடுவில் பொதுமொழி வேண்டுமா?

வளைகோடு:
மேப்பிள் என்ற கணித மென்பொருளில் இருக்கும் ஒரு சூத்திரத் தொகுப்பை மேத்தமேட்டிக்கா என்ற இன்னொன்றுக்கு மாற்றுவது எப்படி என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். "ஒரு ஸ்கிரிப்ட் எழுதி சார்புகளின் பெயரை மாற்று, வட்ட அடைப்பைச் சதுர அடைப்பாக்கு, வேலை முடிந்தது" என்று பதில் வந்தது. முடியாது. மேப்பிளில் எலிப்டிக்கே (ஒரு நீள்வட்டத் தொகை) சார்புக்கு 1/2 கொடுத்தால் சுமார் 1.686 வரும், மேத்தமேட்டிக்காவில் அதே பெயருக்கு அதே 1/2 கொடுத்தால் 1.854. இரண்டிலும் தப்பில்லை, மேப்பிள் வாங்குவது கே என்ற அளவுரு, மேத்தமேட்டிக்கா வாங்குவது கேயின் வர்க்கம், அவ்வளவுதான். பெயரை மட்டும் பார்க்கிற ஸ்கிரிப்டுக்கு இது எப்படித் தெரியும்? ஒவ்வொரு சார்புக்கும் ஒரே வரையறை வைத்த நடுமொழி வேண்டும், ஓப்பன்மேத் என்ற பொதுத் தரம் 1990களிலிருந்து செய்ய முயல்வது இதைத்தான். ஆறு மென்பொருள் என்றால் நேருக்கு நேர் 30 மொழிபெயர்ப்பிகள் எழுதணும், நடுமொழி வழியாகப் போனால் 12 போதும்.

மூன்றாம்படி:
ஆறுக்கும் ஆறுக்கும் யார் மாற்றப் போகிறார்கள்? வேலை செய்கிறவனுக்கு இரண்டு மென்பொருள், மிஞ்சினால் மூன்று. சரி, உங்கள் நடுமொழியில் ஆர்க்-காட் (கோடேன்ஜென்டின் நேர்மாறு) என்றால் என்ன? ஓப்பன்மேத் அகராதி அப்ரமோவிட்ஸ்–ஸ்டீகன் என்ற கணிதச் சார்புக் கையேட்டைக் கைகாட்டுகிறது. அந்தக் கையேடு வந்தது 1964இல், முதல் அச்சில் ஒரு வரையறை, ஒன்பதாவது அச்சில் வேறு. கார்லெஸ், டேவன்போர்ட், ஜெஃப்ரி, வாட் என்ற ஆய்வாளர்கள் நாலு பேரும் 2000இல் இதைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்கள். அடித்தளமே நகரும்போது அதன் மேல் என்ன கட்டுவீர்கள்?

வளைகோடு:
அது என் பக்கத்து வாதம் நண்பரே. புத்தகத்தைக் கைகாட்டுவதோடு நிறுத்தாமல் சமன்பாட்டையே அகராதியில் எழுதி வைக்கணும், ஓப்பன்மேத்தில் அதற்கு இடமும் இருக்கிறது. மேப்பிளில் ஆர்க்-காட்(-1) என்பது 3பை/4, மேத்தமேட்டிக்காவில் -பை/4. மிகை எண்களுக்கு இரண்டும் ஒன்றே, அதனால் 1, 2, 3 என்று போட்டுப் பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தெரியும். உங்கள் நேரடி மொழிபெயர்ப்பி இதை எங்கே பிடிக்கும்?

மூன்றாம்படி:
குறை எண்ணும் கலப்பெண்ணும் போட்டுப் பார்த்தால் பிடிக்கும். லாகாஸ்ட் என்ற சூத்திர மொழிபெயர்ப்பியை எழுதிய குழு அதைத்தான் செய்தது. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட் வெளியிடும் சிறப்புச் சார்புகளின் மின்னூலகத்திலிருந்து சூத்திரங்களை எடுத்து, மேப்பிளுக்கும் மேத்தமேட்டிக்காவுக்கும் மொழிபெயர்த்து, இரண்டு பக்கமும் எண்களைப் போட்டு ஒப்பிட்டார்கள். மின்னூலகத்திலேயே பிழைகள் சிக்கின, மென்பொருள்களிலும் சிக்கின. வரையறைகளை மேசையில் வைத்துப் பேசிக்கொண்டே இருந்திருந்தால் அவை வெளியே வந்திருக்காது.

வளைகோடு:
அந்தக் குழு எதிலிருந்து மொழிபெயர்த்தது என்பதையும் சொல்லுங்கள். சூத்திரத்தை அச்சடிக்க எழுதும் வெறும் லாடெக்கிலிருந்து இல்லை. அந்த மின்னூலகத்தில் ஒவ்வொரு சிறப்புச் சார்புக்கும் தனி மேக்ரோ (பெயரிட்ட கட்டளை) உண்டு, மேக்ரோவுக்குப் பின்னால் வரையறை உண்டு. அதற்குப் பெயர்தான் நடுமொழி. நீங்கள் காட்டிய உதாரணமே என் கட்சியில் நிற்கிறது.

மூன்றாம்படி:
நடுவில் இருப்பதெல்லாம் பொதுமொழி ஆகிவிடாது. அது ஒரு நூலின் தேவைக்காக வளர்ந்த மேக்ரோக்கள், உலகத்துச் சூத்திரம் எல்லாவற்றுக்கும் என்று யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. கையில் இருக்கிற வேலைக்குத் தேவையான சார்புகளுக்கு மட்டும் வரையறை எழுது, சோதி, அப்புறம் அடுத்ததுக்குப் போ. நான் சொல்வது இவ்வளவுதான்.

பின்னச்சோறு:
இரண்டு பேரும் சார்பின் பெயரிலேயே நிற்கிறீர்கள். வேறு ஒன்று வழியில் கொட்டிப்போகிறது: சூத்திரத்தில் வரும் எக்ஸ் எப்படிப்பட்ட எண் என்ற அனுமானம். எக்ஸ் வர்க்கத்தின் வர்க்கமூலத்தை மேக்சிமா என்ற கணித மென்பொருளில் போட்டால் அது எக்ஸை மெய்யெண் என்று தானாக எடுத்துக்கொண்டு மட்டு மதிப்பைக் கொடுக்கும். பைத்தான் மொழிக்கான சிம்பை அப்படியே விட்டுவிடும், எக்ஸ் மிகை என்று முன்னமே அறிவித்திருந்தால்தான் எக்ஸ் என்று சுருக்கும். இதே சூத்திரத்தை எந்த அகராதி வழியாக அனுப்பினாலும், அனுமானம் கூடப் போகாவிட்டால் அந்தப் பக்கம் வேறு விடை வரும். சேஜ் என்ற கணித மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது பழகிய தலைவலி. தொகையிடலை உள்ளே மேக்சிமாவுக்கு அனுப்பும், மேக்சிமா "ஏ மிகையா, குறையா, பூஜ்யமா" என்று திருப்பிக் கேட்கும், பதில் சொல்ல அங்கே ஆள் இல்லாததால் பயனருக்குப் பிழைச் செய்தியாக வந்து விழும். மேக்சிமா கேட்பது நியாயமான கேள்வி, அந்தத் தகவலை வாங்கி அனுப்ப இடையில் வழி வைக்காததுதான் குறை.

வளைகோடு:
ஒத்துக்கொள்கிறேன், சூத்திரத்தோடு அனுமானங்களும் ஒரு பட்டியலாகப் போகணும். ஆனால் அந்தப் பட்டியலை எழுதவும் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான ஒரு வடிவம் வேண்டும், இல்லையா?

மூன்றாம்படி:
அதற்கு வேண்டும், மறுக்கவில்லை. "மெய்", "மிகை", "முழு எண்" என்று பத்துப் பதினைந்து சொற்களில் முடிகிற சின்ன வடிவம் என்றால் நானே எழுதித் தருகிறேன். ஆயிரம் சார்புகளுக்கு அகராதி எழுதி முடித்த பிறகுதான் முதல் சூத்திரத்தை மாற்றலாம் என்றால் நான் வரவில்லை. கேள்வி கேட்டவர் தொகுப்பில் எத்தனை சார்புகள் இருக்கின்றன என்று முதலில் பட்டியல் போடட்டும், நீள்வட்டத் தொகைகளும் நேர்மாறு முக்கோணவியல் சார்புகளும் இருந்தால் அவற்றிலிருந்தே ஆரம்பிப்போம்.