நாமா, நாங்களா?

ஒசாகாவில் வேலையில் இருந்தபோது, 2019 அக்டோபரில் அப்பாவை ஹிரோஷிமாவுக்கு அழைத்துப் போனேன். அப்பா ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலில் போகும்போதே, "ஜப்பான்காரன் சீனாவில் பண்ணாத அநியாயமா? குண்டு போடலைன்னா போர் நின்றிருக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அருங்காட்சியகத்தில் ஒரு சாப்பாட்டு டப்பா முன்னால் நின்றவர் நகரவே இல்லை. உள்ளே இருந்தது அப்படியே கரிக்கட்டியாகிக் கிடந்தது. தீ பரவாமல் தடுக்க வீடுகளை இடித்து இடைவெளி உண்டாக்கும் வேலைக்கு, குண்டு விழுந்த அன்று பள்ளிப் பிள்ளைகளை அனுப்பியிருந்தார்கள். அவர்களில் ஒரு பையனுடையது.

"குறி எது?" என்று கேட்டார். படையில் இருந்தவருக்கு அதுதான் முதலில் தோன்றும் போல. ஊரில் ராணுவத் தலைமையகம் இருந்தது உண்மை. ஆனால் குறி வைத்தது நகர நடுவில் இருந்த அயோய் பாலத்தை என்றேன். 'டி' வடிவப் பாலம், மேலிருந்து பார்த்தால் சட்டென்று தெரியும்.

"அப்போ ஊரையேதான் குறி வச்சிருக்கான்."

குண்டு விழுந்த 1945 முடிவதற்குள் இறந்தவர்கள் சுமார் 1,40,000 பேர். ஒரு நகரத்தையே ஒரே இலக்காக நினைத்துக் குண்டு போடக் கூடாது என்று ஜெனீவா ஒப்பந்தங்களின் கூடுதல் நெறிமுறையில் எழுதி வைக்க 1977 ஆகிவிட்டது.

வெளியே நினைவு வளைவுக்குக் கீழே உள்ள கல்வெட்டைத் தமிழில் சொல்லச் சொன்னார். "அமைதியாக உறங்குங்கள், தவறை மறுபடி செய்ய மாட்டோம்" என்றேன்.

"யாரு? நாமா, நாங்களா?"

திணறிவிட்டேன். ஜப்பானிய வாக்கியத்தில் எழுவாயே இல்லை, வினைச்சொல்லும் ஆளைக் காட்டாது. 'மாட்டோம்' நான் போட்டது. நாங்கள் என்றால் பழியை ஜப்பானியர்களே ஏற்பதாகிவிடும். போருக்குப் பிறகு ஜப்பானியத் தலைவர்கள் மேல் நடந்த டோக்கியோ விசாரணையில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நம் நீதிபதி ராதாபினோத் பால், 1952-இல் இங்கே வந்து, குண்டு போட்டது ஜப்பானியர்கள் இல்லையே என்று இந்த வரியை எதிர்த்தார். அது மனிதர்கள் எல்லோரையும் குறிக்கும் என்பது நகராட்சியின் விளக்கம். சரி, அப்படியானால் நாம். ஆனால் எல்லோர் மேலும் பழி போட்டால் உத்தரவு போட்டவர் தப்பிவிடுவாரே என்ற எரிச்சல் எனக்கு இன்னும் இருக்கிறது.

"நாம்னா நானும்தானே" என்றார் அப்பா. அப்புறம் பேசவில்லை.

ஒசாகா நெருங்கும்போதுதான் வாயைத் திறந்தார். "காலை எட்டேகாலுக்குத்தானே குண்டு விழுந்தது? அப்போ அந்தப் பையன் டப்பாவைத் தொட்டிருக்கவே மாட்டான்."